‘சீனி இல்லை’ என்ற பொதியைத் திருப்பிப் பாருங்கள்

சனிக்கிழமை பின்னேரம் ட்வெய்ட்டா சென்டருக்குள் நுழைந்தால் இனிப்புப் பெட்டிகளைச் சுற்றித்தான் கூட்டம். பிள்ளைகள் ஒரு கையில் கடதாசிப் பையும் மறு கையில் சின்ன அகப்பையுமாக நின்று, நிறம் நிறமான மிட்டாய்களை அள்ளிப் போட்டு நிறுத்துக் காசு கொடுக்கிறார்கள். நோர்வேயில் இதற்கு ‘லோர்தாக்ஸ்கொட்’, அதாவது சனிக்கிழமை இனிப்பு என்று பெயர். கிழமை முழுக்க வாயைக் கட்டி ஒரு நாளைக்கு மட்டும் அவிழ்த்துவிடுகிற வழக்கம் இது. அதே கடையின் இன்னொரு வரிசையில் வேறொரு கூட்டம் நிற்கும். பேரப்பிள்ளையை இனிப்புப் பெட்டியடியில் விட்டுவிட்டு வந்த அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் ‘சுக்கர்ஃப்ரி’, அதாவது சீனியில்லை, என்று அச்சடித்த பிஸ்கற்றையும் சொக்லேற்றையும் தேடிக்கொண்டு நிற்பார்கள்.

ஒஸ்லோவின் கிழக்கே, குரூருட்டாலன் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிறது ட்வெய்ட்டா. மூன்று நெடிய அடுக்குமாடிகள், 1970-இல் வந்த சுரங்க ரயில் பாதை, அதையொட்டி ஒரு கடைத்தொகுதி: இவ்வளவுதான் ஊர். எண்பதுகளில் வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று மீன் வெட்டிய எம்மவர் பலர் பிறகு தெற்கே இறங்கி ஒஸ்லோவுக்கு வந்தபோது, இந்தப் பள்ளத்தாக்கில்தான் வீடு எடுத்தார்கள். அம்மெருட்டில் சிவசுப்பிரமணியர் ஆலயம், றொம்மனில் தமிழ்ப் பள்ளிக்கூடம், வழி நெடுகத் தமிழ்க் கடைகள். எல்லாம் வந்தன. கூடவே நீரிழிவும் வந்தது.

இது வாய்க்கு வந்த கணக்கு அல்ல. 2000-க்கும் 2002-க்கும் இடையில் ஒஸ்லோவில் நடந்த சுகாதார ஆய்வுகளின் தரவுகளை அன்னெ காரன் யெனும் தலைமையிலான குழு அலசி 2012-இல் வெளியிட்டது. முப்பதிலிருந்து அறுபது வயதுக்குட்பட்டவர்களில், இலங்கையில் பிறந்த பெண்களிலும் ஆண்களிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருந்தது. நோர்வேயில் பிறந்த பெண்களிடையே அது நூற்றுக்கு மூன்றைக்கூட எட்டவில்லை. ஒஸ்லோவில் வாழும் இலங்கையர் பெரும்பாலும் தமிழர்கள் என்பதால், அந்த ஐந்தில் ஒருவர் யார் வீட்டு அம்மா என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அப்படிப்பட்ட ஓர் அன்ரி ட்வெய்ட்டாவில் எனக்குத் தெரிந்தவர். ஒரு பிஸ்கற் பொதியை முன்னே தள்ளி, “தம்பி, இதில சீனி இல்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது” என்றார்.

“எவ்வளவு சாப்பிட்டனீங்கள் அன்ரி?”

“பின்னேரம் தேத்தண்ணியோட ஒரு பொதி முடிஞ்சுது. காலமை குத்திப் பாத்தா பதினொண்டு நிக்குது. வயிறும் சரியில்லை. மெசின் பிழையோ தெரியேல்லை.”

மெசின் பிழையில்லை. நோர்வேக் கணக்கில் பதினொன்று என்றால் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ இருநூறு. அந்தப் பொதிக்குள் சீனி இல்லை என்பதும் பொய்யில்லை. இரண்டுமே உண்மையாக இருப்பது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மரத்திலும் கடலிலும் இருந்தது

பொதியில் சீனிக்குப் பதிலாக இருந்தது மால்டிட்டோல். சோர்பிட்டோல், சைலிட்டோல், மானிட்டோல், ஐசோமால்ட், லாக்டிட்டோல், எரித்ரிட்டோல் எல்லாம் அதன் உறவுக்காரர். வேதியியலில் இவற்றைச் சர்க்கரை ஆல்கஹால்கள் என்பார்கள். நோர்வே லேபிளில் ‘பொலியோல்’ என்று இருக்கும். ஆல்கஹால் என்றதும் மூத்தவர்கள் கோயிலுக்குப் போகலாமா என்று யோசிக்கத் தேவையில்லை. வெறியேற்றுகிற எதுவும் இதில் கிடையாது.

இவை ஆய்வுகூடத்தில் பிறந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். செப்டெம்பரில் ட்வெய்ட்டாவின் தெருவோரங்களைப் பாருங்கள். கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் பழம் தொங்குகிற ‘ரொங்ன்’ மரம் நிற்கும். இலை உதிர்ந்த பிறகும் பழம் உதிராது. பறவைகள் வந்து கொத்தும். 1872-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ இந்த மரத்தின் பழத்திலிருந்துதான் முதன்முதலில் சோர்பிட்டோலைப் பிரித்தெடுத்தார். மரத்தின் லத்தீன் பெயர் சோர்பஸ். பண்டத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. உலர்ந்த பிளம்ஸ் பழத்தைச் சாப்பிட்டால் வயிறு இளகுகிறதே, அதில் பெரும்பங்கு சோர்பிட்டோலின் வேலைதான்.

கடலிலும் இருக்கிறது. நோர்வேக் கரையோரம் வளரும் ஒரு பழுப்புக் கடற்பாசிக்கு ‘சுக்கர்தாரே’, சீனிப் பாசி என்று பெயர். காயவைத்தால் மேலே வெள்ளைப் பொடியாகப் பூக்கும், அது மானிட்டோல். ஆஸ்பத்திரியில் மூளை வீக்கத்தைக் குறைக்க நரம்பில் ஏற்றுகிறார்களே, அதே மானிட்டோல்தான்.

இன்று மரத்தையும் பாசியையும் நம்பி யாரும் தொழில் நடத்துவதில்லை. சோளம், கோதுமை மாவிலிருந்து எடுத்த குளுக்கோசின் நுனியில் நிக்கல் வினையூக்கியின் துணையோடு ஐதரசனைச் சேர்த்தால் சோர்பிட்டோல். மால்டோசுக்கு அதையே செய்தால் மால்டிட்டோல். எரித்ரிட்டோலை மட்டும் ஈஸ்ற் போன்ற நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்து எடுக்கிறார்கள். சைலிட்டோலைக் கடைகளில் பேர்ச் மரச் சீனி என்று அழகாகப் பெயரிட்டு விற்கிறார்கள். பேர்ச் மரத்திலிருந்தும் எடுக்கலாம்தான். ஆனால் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி சோளக் கதிரின் சக்கையிலிருந்து, அதிலும் சீனாவிலிருந்து வருவது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. மரத்தின் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அடுப்படியில் செய்யும் சேட்டை

குளுக்கோசின் நுனியில் ஐதரசன் சேர்ந்தது சின்ன மாற்றம். அடுப்படியில் அதன் விளைவு பெரிது. சீனியைச் சூடாக்கினால் பொன்னிறமாகி, பழுப்பாகி, மணம் எழும்பும். பொலியோலில் அந்த நுனி அடைபட்டுவிட்டதால் இந்த நிறமாற்றம் நடக்காது. எரித்ரிட்டோலைச் சட்டியில் போட்டு எவ்வளவு நேரம் கிண்டினாலும் தண்ணீர் போல உருகி நிற்கும்; கரமெல் ஆகாது. கேக் செய்தால் மேல்பக்கம் வெளிறிப்போய் இருக்கும். பாணுக்கோ பணிஸுக்கோ போட்டால் ஈஸ்ற் இதைத் தின்னாது, மா பொங்குவதற்கு இது உதவாது.

பயத்தம் பணியாரத்துக்கு எரித்ரிட்டோலில் பாகு காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு அடுத்த வில்லங்கம் தெரியும். அடுப்பில் இருக்கும்வரை பாகு நல்ல பிள்ளை. ஆறத் தொடங்கியதும் பளிங்குப் பளிங்காகத் திரும்பவும் உறைந்து, பல்லில் நறநறவென்று கடிபடும். குளிர்ந்த நீரில் அது குறைவாகவே கரையும் என்பதே காரணம். எரித்ரிட்டோலில் செய்த பாயாசத்தைச் சூட்டோடு சாப்பிட்டால் குறை தெரியாது. பிறிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் அடியில் மணல். இன்னொரு வேடிக்கையும் உண்டு. எரித்ரிட்டோலும் சைலிட்டோலும் கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் நாக்கில் ஜில்லென்று ஒரு குளிர் படும். புதினா சுவிங்கத்துக்கு அது வரப்பிரசாதம். சர்க்கரைப் பொங்கலுக்கு? ஏலக்காயும் நெய்யும் மணக்கிற சூடான பொங்கலுக்குள் ஒரு பற்பசைக் குளிர் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனிப்பிலும் எல்லாம் ஒன்றல்ல. சைலிட்டோல் ஏறத்தாழச் சீனியளவு இனிக்கும். தேத்தண்ணிக்குக் கரண்டிக்குக் கரண்டி போடலாம். மால்டிட்டோல் சீனியின் பத்தில் ஒன்பது பங்கு. எரித்ரிட்டோலும் சோர்பிட்டோலும் அறுபது எழுபது சதவீதம்தான். ‘சுக்ரின்’ என்ற நோர்வேப் பெயரில் விற்கிற எரித்ரிட்டோலின் சில வகைகளில் சிறிது ஸ்டீவியா கலந்திருப்பது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். ஐசோமால்ட் பாதி இனிப்பு. ஆனால் ஈரத்தை இழுக்காது. அதனால் தொண்டைக்கட்டுக்குச் சப்புகிற கெட்டி மிட்டாய்களுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. சோர்பிட்டோல் நேர்மாறு, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பற்பசை காயாமல் இருப்பதற்கும் ‘சர்க்கரை இல்லாத’ மருந்துப் பாணி இனிப்பதற்கும் அது பயன்படுகிறது. பிறீசரில் கிடக்கும் நண்டுக்குச்சி என்கிற மீன்பசையும் உறைந்து கெட்டுப்போகாமல் இருப்பது பெரும்பாலும் இதன் புண்ணியத்தில். இனிப்பே இல்லாத பண்டங்களிலும் நாம் தினமும் பொலியோல் சாப்பிடுகிறோம்.

அரியதரத்துக்கும் தொதலுக்கும் என் தீர்ப்பு வேறு. அவற்றைச் சீனியும் சர்க்கரையும் போட்டு முறையாகச் செய்யுங்கள். வருசத்துக்கு ஒன்றிரண்டு தரம், ஒரு துண்டு சாப்பிடுங்கள். போலி அரியதரம் பத்து தின்பதைவிட அது மேல்.

கரியுஸும் பக்துஸும்

பொலியோலுக்கு மறுக்க முடியாத ஒரு நல்ல பெயர் உண்டென்றால் அது பல்லில்தான். நோர்வேயில் வளர்ந்த எந்தப் பிள்ளையையும் கேளுங்கள், கரியுஸ், பக்துஸ் என்ற இரண்டு குட்டிப் பூதங்களைத் தெரியும். தூர்பியோன் எக்னர் 1949-இல் எழுதிய சிறுவர் கதையில், யென்ஸ் என்ற பையனின் பல்லுக்குள் குடியிருந்து, அவன் தின்கிற இனிப்பில் கொழுத்து, பல்லைக் குடைந்து வீடு கட்டுகிறவர்கள் அவர்கள். எங்கள் பிள்ளைகளும் குழந்தைகள் பூங்காவில் இதைக் கேட்டுத்தான் பல் தீட்டப் பழகுகிறார்கள்.

கதையில் பூதம், வாயில் அது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பக்டீரியா. சீனியைத் தின்று அமிலத்தைக் கக்கும். அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கும். சைலிட்டோலை அது பழக்கதோசத்தில் சீனியென்று எண்ணி உள்ளே இழுக்கிறது. இழுக்கவும் சக்தி செலவு. செரிக்க முடியாமல் வெளியே தள்ளவும் சக்தி செலவு. கடனுக்கு வாங்கிய அரிசியைச் சமைக்கத் தெரியாமல் கொட்டிவிட்டு மறுபடியும் கடனுக்கு வாங்கப் போகிற வீட்டுக்காரன் நிலைதான் அதற்கு. அமிலம் வராது, பக்டீரியா மெலியும்.

எந்த இனிப்பு பல்லைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று கண்டுபிடித்த வழிகள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1940-களில் சுவீடனின் லுண்ட் நகரில் விப்பெஹோல்ம் என்ற மனநல விடுதியில், மறுப்புச் சொல்லத் தெரியாத நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டுகிற டொபியை வேண்டுமென்றே ஊட்டிப் பற்களை அழுகவைத்து ஆராய்ந்தார்கள். இனிப்பின் அளவைவிட, அதை எத்தனை தடவை, எவ்வளவு ஒட்டும்படி தின்கிறோம் என்பதே பல்லைக் கெடுக்கிறது என்று அங்கு தெரிந்தது. சுவீடனின் சனிக்கிழமை இனிப்பு வழக்கம் வேரூன்றியது அந்த முடிவிலிருந்துதான். நோர்வேயிலும் அதே நியாயம்தான். ட்வெய்ட்டா சென்டரில் பிள்ளைகள் நிற்கிற அந்த வரிசைக்குப் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது. 1972-இலிருந்து 1974 வரை பின்லாந்தின் துர்க்கு நகரில் ஆர்யே ஷெய்னினும் கௌகோ மாக்கினனும் செய்தது வேறு மாதிரி. தாமாக முன்வந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிரித்து, ஒரு குழுவின் உணவில் சீனி, ஒன்றில் ஃப்ரக்டோஸ், ஒன்றில் சைலிட்டோல் என்று இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். சைலிட்டோல் குழுவில் சொத்தை விழுவது மிகமிகக் குறைந்தது. 1975-இல் பின்லாந்தில் சைலிட்டோல் சுவிங்கம் கடைக்கு வந்துவிட்டது.

அதற்காக இதை மந்திரமாக்க வேண்டாம். 2015-இல் கொக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்தபோது, ஃபுளோரைட் பற்பசையோடு சைலிட்டோலும் சேர்ந்தால் சொத்தை 13 சதவீதம் குறையலாம் என்றது. அந்தச் சான்றின் தரமும் உயர்ந்ததல்ல என்று கூடவே எழுதியது. ஆனால் நோர்வேயில் பதினெட்டு வயதுவரைதான் பல்வைத்தியம் இலவசம். அதற்குப் பிறகு வருகிற பில்லைப் பார்த்தவர்களுக்குப் பதின்மூன்று சதவீதமும் பெரிதாகத்தான் தெரியும். சாப்பிட்ட பின் சைலிட்டோல் மட்டுமே இனிப்பாக உள்ள சுவிங்கம், நாளுக்கு மூன்று தடவை: இதைத் தயங்காமல் பழகலாம். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். மனிதரின் இன்சுலினை அவ்வளவாக அசைக்காத சைலிட்டோல், நாயின் உடம்பில் இன்சுலினைக் கொட்டவைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் சீனியைப் பாதாளத்துக்கு இறக்கும், ஈரலையும் கெடுக்கும். நாய் வளர்ப்பது எங்கள் இரண்டாம் தலைமுறைக்குப் புதுப் பழக்கம், ஆகவே சொல்லிவைக்கிறேன்.

வயிறு

அன்ரியின் வயிற்றுக்கு வருவோம். சிறுகுடல் பொலியோல்களை அரைகுறையாகத்தான் உறிஞ்சுகிறது. மிச்சம் கீழே இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பெருங்குடலில் பக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. வயிறு ஊதும், இளகும், சில வேளை ஓடவைக்கும். எரித்ரிட்டோல் மட்டும் கொஞ்சம் நல்லது. பத்தில் ஒன்பது பங்கு இரத்தத்துக்குள் போய் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும்.

2008-இல் பெர்லின் சரிட்டே மருத்துவமனை வைத்தியர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஓர் இளம்பெண், மாதக்கணக்கில் வயிற்றோட்டம், பதினொரு கிலோ இறங்கிவிட்டார். ஒரு நடுத்தர வயது ஆண். இருபது கிலோவுக்கு மேல் போய்விட்டது. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தும் நோய் பிடிபடவில்லை. கடைசியில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று துருவிக் கேட்டபோதுதான் வந்தது பதில்: நாளுக்குப் பதினைந்து இருபது சீனியில்லாச் சுவிங்கம். இருபது முப்பது கிராம் சோர்பிட்டோல். நிறுத்தினார்கள், வயிற்றோட்டம் நின்றது, எடையும் திரும்பியது.

பத்து சதவீதத்துக்கு மேல் பொலியோல் சேர்த்த பண்டங்களில், அதிகம் சாப்பிட்டால் வயிற்றை இளக்கும் என்று எழுதியே ஆகவேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம், நோர்வேயிலும் அதேதான். இந்தியாவிலும் இப்படியொரு எச்சரிக்கை கட்டாயம். எறும்பு ஊர்கிற எழுத்தில் அது இருக்கும். பிள்ளைகளின் சின்ன வயிற்றுக்கு ‘அதிகம்’ என்பது மிகச் சீக்கிரம் வந்துவிடும்.

பொதியின் பின்பக்கம்

நூறு கிராமில் அரைக் கிராமுக்கு மேல் சீனி இல்லையென்றால் ‘சீனியில்லை’ என்று எழுதலாம். சட்டம் கேட்பது அவ்வளவுதான். மாவைப் பற்றி அது வாய் திறக்காது. ஒரு பிஸ்கற் பொதியை எடுத்துக்காட்டாக வைப்போம். நூறு கிராமில் கார்போஹைட்ரேட் 68, அதில் பொலியோல் 22 என்று இருந்தால் மிச்சம் 46 கிராம் கோதுமை மாவின் மாச்சத்து. அது ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமம். அதோடு மால்டிட்டோலும் சும்மா இருப்பதில்லை. குடலில் உடைந்தால் பாதி குளுக்கோஸ்தான். இரத்தச் சீனியை ஏற்றுகிற வேகத்தில் சீனிக்கு 65 என்றால் மால்டிட்டோலுக்கு 35. சைலிட்டோலுக்குப் பதின்மூன்று, சோர்பிட்டோலுக்கு ஒன்பது, எரித்ரிட்டோலுக்குச் சுழியம். ஆனால் சொக்லேற்றிலும் பிஸ்கற்றிலும் சீனிபோலவே நடந்துகொள்வது மால்டிட்டோல்தான் என்பதால், ஏற்றுகிற அந்த ஒன்றைத்தான் தொழிற்சாலைகள் அதிகம் விரும்புகின்றன.

மெலியலாம் என்ற நினைப்பும் அப்படித்தான். சீனியில் கிராமுக்கு நான்கு கலோரி, பொலியோலுக்குச் சராசரி 2.4. ஒரு நூறு கிராம் சொக்லேற்றில் 45 கிராம் சீனியை மாற்றினால் மிச்சமாவது எழுபது கலோரி அளவு. கொக்கோ வெண்ணெய் முழுதாக அங்கேயே இருக்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டாகச் சொக்லேற்றுக்கும் இனிப்புக்கும் வரி போட்டு, 2018-இல் அதை ஒரேயடியாக 83 சதவீதம் ஏற்றி, சனங்கள் சுவீடன் எல்லைக்குக் கார் எடுத்துப் போகத் தொடங்கியதும் 2021-இல் அதை எடுத்தே விட்டது நோர்வே அரசு. விலையாலும் தடுக்க முடியாத நாக்கை லேபிளா தடுக்கப்போகிறது?

எங்கள் வீடுகளில் சீனி உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், சீனிப் போத்தலில் அல்ல. காலை நான்கு துண்டு பாண், வேலையிடத்தில் ஒரு பொல்லர் பணிஸ், பின்னேரம் ஜூஸ், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு கோப்பை நிறையச் சோறு. ஊரில் வயலுக்கும் கடலுக்கும் போன உடம்பு தின்ற அளவை, இங்கே பஸ் ஓட்டுகிற உடம்பும் தின்கிறது. தேத்தண்ணிக்குச் சைலிட்டோல் போடுவதால் இந்தக் கணக்கில் ஓரிரு கரண்டி குறையும், தவறில்லை. சோறு அரைக் கோப்பை குறைந்தால் அதைப்போலப் பல மடங்கு குறையும்.

இதயம், கண்

2023-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேசன் குழு, இரத்தத்தில் எரித்ரிட்டோல் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் கூடுதல் என்று எழுதியது. மறு ஆண்டு சைலிட்டோலைப் பற்றியும் அதேபோல எழுதியது. வாட்ஸ்அப்பில் அது ‘சுகர்ஃப்ரீ சாப்பிட்டால் சாவு’ என்று சுற்றியது. நிதானமாகப் பார்க்க வேண்டிய விசயம் இது. எரித்ரிட்டோலை உடம்பும் தானாகவே தயாரிக்கிறது. நீரிழிவுக்காரர் உடம்பு கூடுதலாகத் தயாரிக்கிறது. நோய் இருப்பதால் எரித்ரிட்டோல் கூடியதா, எரித்ரிட்டோலால் நோய் கூடியதா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை. ஆனால் முப்பது கிராம் குடித்தவர்களின் இரத்தத்தில் அது இரண்டு நாளுக்கு மேல் ஏறியே நின்றது. இரத்தத் தட்டுகள் ஒட்டும் போக்கும் கூடியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023 டிசம்பரில் எடைக்குக் கிலோவுக்கு அரைக் கிராம் என்று நாளாந்த எல்லை வைத்தது. வயிற்றோட்டத்தைக் கருதித்தான் வைத்தது. எழுபது கிலோ ஆளுக்கு 35 கிராம். ஒரு கேக்குக்கு நூறு நூற்றைம்பது கிராம் கொட்டுகிறவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவராக இருந்தால், என் கருத்தில், இந்த எரித்ரிட்டோல் கேக்குகளே வேண்டாம்.

கண்ணைப் பற்றி ஒரு பயமும் உலவுகிறது. நீரிழிவுக்காரரின் கண்வில்லைக்குள் சோர்பிட்டோல் சேர்ந்து புரை விழவைக்கிறது என்பது உண்மை. ஒக்ஸ்ஃபர்ட்டில் ரூத் வான் ஹேய்னிங்கன் 1959-இல் எலிகளின் கண்ணில் அதைக் கண்டார். ஆனால் அது சுவிங்கத்திலிருந்து போன சோர்பிட்டோல் அல்ல. இரத்தத்தில் மிதமிஞ்சிய குளுக்கோசைக் கண்வில்லையே சோர்பிட்டோலாக மாற்றுகிறது. கண்ணுக்குப் பயந்தால் பயப்பட வேண்டியது குளுக்கோசுக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீரிழிவுக்கு எங்களில் பலர் விழுங்குவது மெட்ஃபோர்மின். அதுவும் சிலருக்கு வயிற்றை இளக்கும். கூடவே சீனியில்லா மிட்டாயும் பிஸ்கற்றும் சேர்ந்தால் வயிறு இரட்டிப்பாகக் குழம்பும். பழி மாத்திரைமேல் விழும். யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிஸ்கற்றைத் தொடர்கிற அம்மாக்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த தடவை குடும்ப வைத்தியரிடம் போகும்போது மருந்துப் பட்டியலோடு அந்தப் பிஸ்கற் பொதியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். மாத்திரையை நிறுத்துவதற்கு முன், இரண்டு கிழமை பொதியை நிறுத்திப் பாருங்கள்.